சிட் ஆன் தி லைன், மேடம்

எங்கள் கம்பெனியில் ஒரே ஒரு நாற்காலிக்காக என் மனைவியும் என் தங்கையும் மோதிக்கொண்டார்கள். மோதல் என்றால் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்ட மோதல் இல்லை. ஒருத்தி “அண்ணி, அண்ணி” என்று குழைந்தாள். இன்னொருத்தி “வாம்மா, உக்காரு, டீ போடட்டுமா?” என்று உபசரித்தாள். அந்த மாதிரி மோதலைத்தான் நான் கண்டு நடுங்குவேன். ஒருத்திக்குக் கணவன், இன்னொருத்திக்கு அண்ணன். இரண்டு பதவி இருந்தும் அந்தச் சமயத்தில் எனக்கு ஒழுங்காக ஒரு டீ கிடைக்கவில்லை.

எங்களுடையது லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி. நான் மெக்கானிக். என் மனைவி ஸ்டோரில் இருந்தாள். கதவு ரோலர், பிரேக் கட்டை, பழைய ஸ்விட்ச் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துப் பெட்டியில் அடுக்குகிற வேலை. என் தங்கை பில் போடும் பிரிவில். அவள் சிரித்தால் நாலு மேஜை தள்ளி இருப்பவர்கள் பேனாவைக் கீழே போடுவார்கள். அதனால் ஆபீசில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். வீட்டிலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அவளும் அவள் கணவரும் எங்களுக்கு மேல் மாடியில்தான் குடியிருக்கிறார்கள்.

அந்த நாற்காலி போன் மேஜையுடையது. கண்ணாடித் தடுப்பு, ஜன்னல், வெளியே ஒரு மரம், சுழலும் நாற்காலி. நகரத்தில் எந்த லிஃப்டில் யார் மாட்டிக்கொண்டாலும் உள்ளே இருக்கும் மஞ்சள் பொத்தானை அழுத்தினால் அந்த மேஜையில் மணி அடிக்கும். அங்கே உட்கார்ந்திருப்பவர் உள்ளே இருப்பவரைத் தைரியப்படுத்த வேண்டும். போகிற மெக்கானிக்கின் போனையும் அதே லைனில் சேர்த்துவிட வேண்டும். மூன்று பேரும் ஒரே லைனில் இருந்தால்தான் கேபினுக்குள் என்ன நடக்கிறது என்று மேலே மோட்டார் ரூமில் இருக்கிற எனக்குத் தெரியும். எங்கள் பக்கம் இப்போது நாலு திசையிலிருந்தும் வந்தவர்கள் குடியிருக்கிறார்கள். மாட்டிக்கொள்கிறவர்களில் பாதிப் பேருக்கு இங்கிலீஷ்தான் வரும். அதுவரை போன் மேஜையில் இருந்த ஓர் அம்மாள் தன் மகளோடு இருக்கப் போவதாகச் சொல்லி வேலையை விட்டதும், முதலாளி அறிவித்தார்: கேன்டீனில் சாயங்காலம் இங்கிலீஷ் வகுப்பு நடக்கும். யார் நன்றாகப் பேசுகிறார்களோ அவர்களுக்கு நாற்காலி.

கடைசியில் களத்தில் நின்றது இரண்டு பேர். இரண்டும் என் வீடு.

வகுப்பெடுக்க வந்த மிஸ் சின்ன வயசுக்காரர். வாயில் எப்போதும் ஒரு பெப்பர்மின்ட். முதல் நாளே இலக்கணத்தை ஓரமாக வைத்துவிட்டார். “வார்த்தை உங்களுக்கு நிறையத் தெரியும். எந்த வார்த்தை பக்கத்துல எந்த வார்த்தை உக்காரும்கிறதுதான் தெரியல. மழைக்குப் பக்கத்துல ‘ஹெவி’. டீக்குப் பக்கத்துல ‘ஸ்ட்ராங்’. தப்பு வந்தா ‘மேக்’, வேலை வந்தா ‘டூ’. மாத்தி உக்கார வெச்சீங்கன்னா ரெண்டும் முகத்தைத் திருப்பிக்கும்” என்றார்.

ஏன் அப்படி என்று ஒரு எலக்ட்ரீஷியன் கேட்டார்.

“நாம குறட்டை விடுறோம், தும்மல் போடுறோம். ஏன் குறட்டை போடக் கூடாதுன்னு என்னைக்காவது யோசிச்சிருக்கீங்களா?” என்றார் மிஸ். எலக்ட்ரீஷியன் யோசித்தார். அதற்கப்புறம் அவர் வகுப்பு முடியும்வரை வேறெதையும் கவனித்ததாகத் தெரியவில்லை.

என் மனைவி பிடித்துக்கொண்டாள். ஜோடி ஜோடியாக மனப்பாடம் செய்தாள். குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து தண்ணீர்ச் சத்தத்தோடு “டேக் எ டீப் ப்ரீத், ஹோல்ட் தி லைன், ஸ்டே காம்” என்று வரும். நான் வெளியே துண்டோடு நின்று ஹோல்ட் தி லைன் செய்துகொண்டிருப்பேன்.

பட்டாசால் வகுப்புக்கு வர முடியவில்லை. அன்றன்றைய பில் கணக்கை முடிக்காமல் அவளை வெளியே விட மாட்டார்கள். இரண்டாம் நாளே கீழே இறங்கி வந்து அண்ணி பக்கத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டாள்.

“அண்ணி, மிஸ் சொல்றதை எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன். எனக்கு வேற யார் இருக்கா?”

“அதுக்கென்னம்மா, தாராளமா” என்றாள் என் மனைவி.

அவ்வளவு சுலபமாக ‘தாராளமா’ சொல்கிற ஆள் அவள் இல்லை. கத்தரிக்கோலைக்கூடக் கேட்டவுடன் கொடுக்க மாட்டாள்.

பாடம் வெங்காயம் நறுக்கும் நேரத்தில் நடந்தது.

“நல்ல மழைக்கு என்ன அண்ணி?”

“குட் ரெயின்.”

“நல்ல காய்ச்சல்?”

“குட் ஃபீவர்.”

“அட, அப்படியே நம்ம மாதிரியே இருக்கே! மூச்சை இழுத்து விடுங்கன்னு சொல்றதுக்கு?”

என் மனைவி வெங்காயத்தைப் பார்த்தபடியே, “புல் தி ப்ரீத், லீவ் தி ப்ரீத்” என்றாள்.

“லைன்லயே இருங்க?”

“சிட் ஆன் தி லைன்.”

“மனசைத் தளர விடாதீங்க?”

“டோன்ட் லூசன் யுவர் மைண்ட்.”

பட்டாசு ஒவ்வொன்றையும் பக்தியோடு திருப்பிச் சொன்னாள். என் மனைவியின் கண்ணில் தண்ணீர் கொட்டியது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு முந்தானையால் துடைத்துக்கொண்டாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் லிஃப்ட் கதவு இடுக்கு அளவுதான். ஆனாலும் குளியலறையிலிருந்து வருவது ஒன்று, அடுப்படியிலிருந்து வருவது வேறு என்று கண்டுபிடிக்க அது போதும்.

தங்கை மாடி ஏறியதும் நான் போய் நின்றேன்.

“ஏம்மா, என்ன வேலை இது?”

“என்ன வேலை? நல்ல காய்ச்சலை குட் ஃபீவர்னு சொன்னேன். ஒரு வார்த்தை நான் கையிலேருந்து போடல. அவ கேட்ட தமிழை அப்படியே இங்கிலீஷ் ஆக்கிக் குடுத்தேன். இதுல பொய் எங்க இருக்கு?”

“அவ என் தங்கச்சி.”

“இது என் கை” என்று இரண்டு கையையும் என் முகத்துக்கு நேராக விரித்தாள். நகக்கண்ணிலும் ரேகைகளிலும் கிரீஸ் கறுப்பாக இறங்கியிருந்தது. எந்த சோப்புக்கும் அசையாத கறுப்பு. போட்டோ எடுக்கும்போதெல்லாம் அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பது எனக்குத் தெரியும். “பட்டாசு எந்த மேஜைல உக்காந்தாலும் அவ கை சுத்தமாத்தான் இருக்கும். நான் இதை விட்டா ஸ்டோர்லயே கெடக்க வேண்டியதுதான். நீங்க வாயைத் திறந்தீங்க...” என்றாள். மிச்சத்தைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை. எனக்கு அவளைப் பார்க்கவும் பாவமாக இருந்தது, தங்கையை நினைத்தாலும் பாவமாக இருந்தது. இரண்டு பாவத்தையும் மென்று முழுங்கிவிட்டுப் படுத்துவிட்டேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயங்காலம், மூக்கெல்லாம் சிவந்து பட்டாசு வந்தாள்.

“அண்ணி, காலைல முதலாளிகிட்ட ‘சார், ஐ ஹேவ் குட் ஃபீவர்’னு சொன்னேன். உடனே லீவு குடுத்துட்டாரு.”

“ஒண்ணும் சொல்லலையா?”

“சிரிச்சாரு. ரொம்ப நேரம் சிரிச்சாரு. ‘கங்கிராஜுலேஷன்ஸ்’னாரு.”

என் மனைவி அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே ஓடினாள். அடுப்பில் பாலே இல்லை. திரும்பி வந்தபோது முந்தானையின் ஓரம் நனைந்திருந்தது, கடித்திருக்கிறாள். பட்டாசு முக்காலியில் கால் மேல் கால் போட்டு, “அடுத்து என்ன அண்ணி?” என்று பச்சைப் பிள்ளை மாதிரி கேட்டாள்.

சோதனை நாள் வந்தது. முதலாளி தேர்வுத்தாளெல்லாம் வைக்கவில்லை. இரண்டு பேரையும் போன் மேஜைக்கு அழைத்தார். மிஸ்ஸும் அவரும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். வருகிற அழைப்பை மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். முதல் அழைப்பு என் மனைவிக்கு. வயதில் மூத்தவள் என்று முதலாளி சொன்னார். அந்த வார்த்தைக்காக அவரை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

நான் வாசலில் ஸ்கூட்டரில் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே மணி அடித்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு குடியிருப்பு. கேபின் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே நின்றுவிட்டது. உள்ளே தனியாக ஒரு பாட்டு டீச்சர். இங்கிலீஷ் மட்டும்தான் பேசுவார். நான் பறந்தேன். மாடி ஏறி மோட்டார் ரூமுக்குள் போய் மெயின் ஸ்விட்சை அணைத்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டு மோட்டார் மேல் வைத்தேன்.

என் மனைவி கொடி கட்டிப் பறந்துகொண்டிருந்தாள்.

“குட் மார்னிங், மேடம். ப்ளீஸ் ஸ்டே காம். டேக் எ டீப் ப்ரீத். ப்ளீஸ் ஹோல்ட் தி லைன். ஹெல்ப் இஸ் ஆன் தி வே.”

ஒரு பிசிறு இல்லை. எல்லா ஜோடியும் கை கோத்து வரிசையில் நின்றன. எனக்கு மார்பு விரிந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

“ஹலோ?” என்றார் பாட்டு டீச்சர். “ஹலோ, இஸ் திஸ் எ ரெக்கார்டிங்?”

“யுவர் சேஃப்டி இஸ் அவர் டாப் ப்ரையாரிட்டி” என்றாள் என் மனைவி.

“ஓ காட், இட் இஸ் எ ரெக்கார்டிங்!”

“ப்ளீஸ் ஸ்டே காம். டேக் எ டீப் ப்ரீத்.”

“ஐ வான்ட் எ ஹ்யூமன் பீயிங்!” என்று அந்தம்மா வீறிட்டார். அதோடு கேபின் கதவு தடதடவென்று அதிர்கிற சத்தம். விரலை விட்டு இழுத்துப் பிளக்கப் பார்க்கிறார். எனக்குக் கை நின்றுவிட்டது. கதவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போது பிரேக்கைத் தளர்த்தி கேபினை நகர்த்தினால் விரல் போகும், சமயத்தில் ஆளே போகும். “கதவை விடச் சொல்லு!” என்று கத்தினேன். என் மனைவி இன்னும் தெளிவாக, இன்னும் அழகாக, “ப்ளீஸ் கீப் அவே ஃப்ரம் தி டோர்” என்றாள். அது அச்சடித்த போர்டு பேசியது போலவே இருந்தது. தடதடப்பு இரண்டு மடங்காயிற்று.

அந்த இடத்தில் லைனில் ஏதோ கலவரம். நாற்காலி உருளும் சத்தம். பிறகு பட்டாசின் குரல், அவள் சாதாரணமாகப் பேசுகிற அந்தக் கூரை அதிரும் குரல்:

“மேடம்! மேடம்! டோன்ட் லூசன் யுவர் மைண்ட்!”

கதவுச் சத்தம் நின்றது.

“டோன்ட்... வாட்?”

“மைண்ட், மேடம். டைட்டா ஹோல்ட். நௌ புல் தி ப்ரீத். புல், புல், புல். ஓகே. நௌ லீவ் தி ப்ரீத்.”

“லீவ் இட் வேர்?”

“எனிவேர், மேடம். ஃபுல் லிஃப்ட் இஸ் யுவர்ஸ்.”

அப்புறம் கேபினுக்குள்ளிருந்து களுக்கென்று ஒரு சத்தம். அழுகையா என்று பயந்தேன். சிரிப்பு.

“யூ ஆர் ரியல்” என்றார் அந்தம்மா.

“வெரி ரியல், மேடம். லீவ் தி டோர் ஆல்ஸோ. சிட் ஆன் தி லைன். மை பிரதர் இஸ் கமிங் ஃப்ளையிங்.”

“சிட் ஆன் தி லைன்! ஃப்ளையிங்!” அந்தம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அதைக் கேட்டு பட்டாசும் வெடித்தாள். ஸ்பீக்கர் கரகரத்தது. நான் பிரேக் நெம்புகோலை ஒரு கையால் அழுத்திக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்றி, அங்குலம் அங்குலமாகக் கேபினை ஐந்தாவது மாடிக்குக் கொண்டுவந்தேன். கீழே போய்ச் சாவி போட்டுக் கதவைத் திறந்தால் பாட்டு டீச்சர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார், கண்ணெல்லாம் தண்ணீர். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ஆர் யூ தி ஒன் ஹூ ஃப்ளைஸ்?” என்றார்.

நான் ஆபீசுக்குத் திரும்புவதற்குள் தீர்ப்பு ஆகிவிட்டது. பட்டாசு சுழலும் நாற்காலியில் அரைச் சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்தாள். என் மனைவி சுவரோடு சுவராக நின்றாள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

மிஸ்தான் விடவில்லை. பெப்பர்மின்ட்டை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார். “நாற்காலி உங்களுக்குத்தான், சந்தோஷம். ஆனா ஒரு ஜோடிகூட ஒழுங்கில்லையே. இதெல்லாம் உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தது?”

என் மனைவியின் முகத்தில் ரத்தம் இல்லை. முதலாளி அவளைப் பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

“யாரும் இல்ல மிஸ்” என்றாள் பட்டாசு. “நானாத்தான் தமிழ்லேருந்து இழுத்துப் போட்டேன்.”

முதலாளி என் மனைவியிடம் திரும்பினார். “நீங்க வருத்தப்படாதீங்கம்மா. உங்க உச்சரிப்பு அபாரம். ஆபீஸ் பூட்டினப்புறம் வர்ற போன் காலுக்கு ஒரு மெஷின் வைக்கப் போறோம். அதுல உங்க குரலைத்தான் பதிவு பண்ணப் போறேன். அப்படியே பொருந்தும்.”

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். என் மனைவி “தேங்க்ஸ் சார்” என்றாள். ஸ்டோருக்குப் போய், ஏற்கெனவே கழுவியதா இல்லையா என்று பார்க்காமல் ஒரு பெட்டி ரோலர் முழுவதையும் கழுவினாள்.

சாயங்காலம் பட்டாசு வழக்கம்போல இறங்கி வந்து முக்காலியைப் போட்டாள். என் மனைவி வெங்காயத்தை எடுக்கவில்லை. நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“எப்போ தெரியும்?” என்றாள் என் மனைவி.

“குட் ஃபீவர் அன்னைக்கே. முதலாளி சிரிச்சு முடிச்சுட்டு ‘ஹை ஃபீவர்மா’ன்னு திருத்தினாரு.”

“அப்புறமும் வந்து உக்காந்து கேட்டியே!”

“நீங்க முந்தானையைக் கடிச்சுக்கிட்டு ஓடுவீங்கல்ல, அதைப் பாக்கத்தான் வந்தேன். எவ்வளவு தூரம் போறீங்கன்னு பாக்கலாம்னு இருந்துச்சு.” சிரிக்க ஆரம்பித்தவள் நடுவிலேயே நிறுத்திக்கொண்டாள். பட்டாசு பாதியில் அணைந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். “ஆனா கஷ்டமாவும் இருந்துச்சு அண்ணி. சரியானதைச் சொல்லித் தர எனக்கு வேற ஆள் இல்ல. இன்னைக்கு அந்தம்மா கத்தினப்போ வாயில நல்லதா ஏதாவது வருமான்னு தேடினேன். நீங்க குடுத்தது மட்டும்தான் இருந்துச்சு.”

நான் தொண்டையைச் செருமினேன். இரண்டு பேருமே என்னைப் பார்த்த பார்வையில் செருமலையும் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

பட்டாசு அண்ணியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கிரீஸ் படிந்த கையை, உள்ளங்கை மேலே இருக்கும்படி.

“யூ டிட் எ மிஸ்டேக், அண்ணி.”

என் மனைவியின் உதடு துடித்தது. அடக்கிப் பார்த்தாள். இத்தனை நாள் குளியலறையில் தண்ணீர் ஊற்றி வளர்த்த ஜோடி. அதைப் பிரித்து வைத்ததைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியவில்லை.

“டிட் இல்ல” என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. “மேட். ஐ மேட் எ மிஸ்டேக்.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. பட்டாசு காதை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தாள்.

“சரியாக் கேக்கல அண்ணி. இன்னொரு தடவை?”

என் மனைவி இன்னொரு தடவை சொன்னாள். இந்தத் தடவை மெஷின் மாதிரி இல்லை.